கண்ணாடியில் இரண்டு தட்டு

இதை நான் கட்டிச் சொல்லவில்லை, என் கண்ணுகளே. கொட்டாஞ்சேனை ரொஷேல் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னது. பட்டப்பகலில் நடந்தது.

அந்தக் கொடிய காய்ச்சல் பரவிய நாட்கள். தனி வார்டில் ரொஷேல் தாதி. நோயாளியிடம் போய் வருகிறவர்கள் பாதுகாப்பு உடுப்பைக் கழற்றும் அவசரத்தில்தான் அதிகம் பேருக்குத் தொற்றியது. ஆகவே கழற்றும் அறையின் கண்ணாடிக்கு வெளியே ஒருவர் நின்று பார்ப்பார். இரண்டு தட்டு என்றால் அடுத்ததைக் கழற்றலாம். ஒரு தட்டு என்றால் பிழை, நில். பார்க்க ஆளில்லாவிட்டால் வெளியே ஷட்டரை இறக்கிவிடுவார்கள்.

தட்டுகிறவர் ஒஸ்வால்ட். ஜிந்துப்பிட்டிக்காரர், நெட்டை மனிதர். எல்லாம் முடிந்ததும் காற்றில் ஒரு சிலுவை போட்டு அனுப்புவார்.

கடைசியில் அவரையும் அது பிடித்தது.

அன்று பின்னேரம் ரொஷேல் அவருக்குத் தண்ணீர் பருக்கிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரி வாசலில் அவள் புருஷன் கிளெமென்ற் மகனோடு காத்து நின்றான். பல வாரங்களுக்குப் பிறகு பிள்ளையைத் தூக்கப் போகிறாள்.

“போ மகள். பெடியன் அழப்போறான்.”

“நீங்கள் தனிய, அங்கிள்...”

“தனியவே? இந்த மெஷின் கத்திக்கொண்டே கிடக்குது, என்ர மனுசி மாதிரி.” சிரிக்கப் பார்த்தார். இருமல்தான் வந்தது. “கழட்டேக்க அவசரப்படாதை. பின்னுக்குத் திரும்பாதை.”

எல்லோருக்கும் அவர் சொல்வதுதான். கழற்றத் தொடங்கினால் நோய்ப் பக்கம் திரும்பக் கூடாது.

கழற்றும் அறைக்கு வந்தாள். கண்ணை மூடிய கொகிள்ஸ் முழுக்க ஆவி. கண்ணாடியில் இருட்டுத்தான் தெரிந்தது. ஒஸ்வால்ட் படுத்த பிறகு தட்டுகிற வேலைக்கு வந்த டில்ஷானி வெளியே நிற்பாள் என்று நினைத்தாள். கண் எரிந்தது. கொகிள்ஸைத் தூக்கித் துடைக்கக் கையைக் கொண்டுபோனாள்...

டொக்.

நின்றாள். கண்ணாடியில் ஓர் உருவம். தன் இடது மணிக்கட்டைத் தொட்டுக் காட்டியது.

குனிந்து பார்த்தாள். அவளுடைய இடக் கையுறை கிழிந்திருந்தது.

மருந்து விட்டுக் கழுவினாள். திரும்பவும் கழுவினாள்.

டொக்... டொக்.

கவுனைக் கழற்றினாள்.

டொக்... டொக்.

டில்ஷானி குள்ளம். இந்த உருவம்... நெட்டை.

சத்தம் கண்ணாடிக்கு அப்பாலிருந்து வரவில்லை. காதடியில் கேட்டது. பிடரி சில்லிட்டது.

அவள் திரும்பவில்லை.

கொகிள்ஸ். முகக்கவசம்.

உருவம் கையைத் தூக்கியது.

மெல்ல... ஒரு சிலுவை.

கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

நடையில் ஒருவரும் இல்லை. கண்ணாடியின் வெளிப்பக்கம் ஷட்டர் நிலம் வரை இறங்கிப் பூட்டிக் கிடந்தது.

டில்ஷானி ஓடி வந்தாள். “அய்யோ அக்கா, ஆர் உங்களைக் கழட்டச் சொன்னது?”

“ஆரோ தட்டினது...”

“இஞ்ச ஒருத்தரும் இல்லை. ஒஸ்வால்ட் அங்கிளுக்கு நெஞ்சுத் துடிப்பு நிண்டுட்டுது எண்டு மெஷின் மணி அடிச்சது. ஷட்டரைப் பூட்டிப்போட்டு டொக்டரைக் கூப்பிட ஓடினனான். நீங்கள் அவற்ற அறைக் கதவைச் சாத்தின உடன அக்கா... போயிட்டார்.”

ஷட்டர் மூடிய கண்ணாடி, உள்ளே நிற்கிறவருக்கு வெறும் முகம் பார்க்கும் கண்ணாடி. அதில் தெரிவது அறைக்குள் நிற்பது மட்டும்தான்.

ரொஷேலின் மகனுக்குக் காய்ச்சல் வரவில்லை. இப்போது பள்ளிக்கூடம் போகிறான்.

ஆனால் அவள் இன்றைக்கும் அழுகிறாள். அவ்வளவு நேரமும் அவர் அவள் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருக்கிறார். அவர் சொல்லுக்குக் கீழ்ப்படிந்து, ஒரு தடவைகூட அவள் திரும்பிப் பார்க்கவில்லை.