ஸ்டியரிங்கில் வைத்த பொட்டு

என் மகன் வைத்திருக்கிற ஜீப்பில் நான் ஏறவேண்டுமென்றால் முக்காலி போடவேண்டும். சிவகிரிக்கு மேற்கே, மலையடித் தோப்புகளுக்குப் போகிற தடத்தில் பாறை அடியில் இடிக்கும் என்று அடியிலிருக்கிற வில்பட்டைகளை மாற்றி, பெரிய டயர் போட்டு, வண்டியை அவ்வளவு உயரம் தூக்கி வைத்திருந்தான். காலையில் எலுமிச்சை பறிக்கிற பெண்களை ஏற்றிக்கொண்டு போவான். சாயங்காலம் மூட்டைகளோடு அவர்களையும் கூட்டிக்கொண்டு வருவான். அதுதான் பிழைப்பு.

ஐப்பசி பிறந்த புதிதில் ஒருநாள், ஊறுகாய்க்குப் பழம் பொறுக்கிக்கொண்டு வரலாமென்று நானும் போயிருந்தேன். திரும்பி வரும்போது கண்மாய்க்கரை இறக்கத்தில் முன்சக்கரம் இரண்டும் வலிப்பு வந்ததுபோல உதறின. ஸ்டியரிங் அவன் கைக்கு அடங்கவில்லை. அந்த இடத்தில் பாதை இடது பக்கம் வளையும். வலது பக்கம் தண்ணீர். வண்டி வளைவுக்குப் போகாமல் தண்ணீரைப் பார்த்துப் போய், கரையின் விளிம்பில் நின்றது. பின்னால் இருந்த ஒருத்தி தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு இறங்கி நடந்தாள். மற்றவர்களும் அவள் பின்னாலேயே போனார்கள்.

சக்கரத்தைத் திருப்புகிற ராடு முனையில் பந்து மாதிரி ஒன்று இருக்கிறது. அது தேய்ந்து கழன்று ஆடியது. வண்டியைத் தூக்கியதால் ராடு சரிவாக நின்று, அந்த முனை சீக்கிரம் தேய்ந்துவிட்டதாம். புது ராடும், உயரத்துக்குத் தகுந்தபடி கீழே வளைந்த கையும் ராஜபாளையத்திலிருந்து வர சில நாள் ஆயிற்று. சாமான் வந்த அன்று, வண்டி சரியானால் நாளைக்கு வருகிறோம் என்று அந்தப் பெண்கள் சொல்லியனுப்பியிருந்தார்கள். சரியாகாமல் அவர்களை ஏற்றினால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணால் பார்த்துவிட்டேன். அதனால் அன்று காலையிலிருந்து வண்டிப் பக்கத்தைவிட்டு நான் நகரவில்லை.

மருமகள் ஆபீசுக்குப் போயிருந்தாள். கூடப் பிடிக்க ஆள் இல்லை. "எம்மா, ஏறி உக்காரு" என்றான். தெருவில் வண்டி நிற்கிறது, நான் டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன்.

அவன் ஜாக்கி வைத்து, கட்டை முட்டுக்கொடுத்து, அடியில் போய்ப் படுத்தான். பழைய ராடு லேசில் வரவில்லை. அவன் சுத்தியலால் அடிக்கிற ஒவ்வொரு அடிக்கும் வண்டி அதிர்ந்தது. கட்டை நகர்ந்துவிடுமோ என்று எட்டி எட்டிப் பார்த்தேன். ஒருவழியாக அது கழன்று விழுந்தது. ஸ்டியரிங் பெட்டிக்குள் சத்தம் ஏதும் வருகிறதா என்று பார்க்க, ஸ்டியரிங்கை இரண்டு பக்கமும் முட்டுகிற மட்டும் திருப்பச் சொன்னான். ராடு இல்லாததால் சுலபமாகச் சுற்றியது. ஸ்டியரிங்கில் வைத்திருந்த பொட்டு மேலே இருந்த இடத்திலிருந்து இடது பக்கம் சீக்கிரம் முட்டியது. வலது பக்கம் போய்க்கொண்டே இருந்தது. இயந்திரம் அப்படித்தான் இருக்கும்போல என்று இருந்துவிட்டேன்.

"இப்ப பொட்ட மேல கொண்டு வந்து பிடி. அசைச்சிராத. நான் கீழ கெடக்கேன்."

அந்த ஸ்டியரிங் புதிதாக வாங்கிப் போட்டது. மூன்று கம்பியும் ஒன்றுபோல இருக்கும், எது மேல் எது கீழ் என்று தெரியாது. ஆயுத பூசைக்கு வைத்த சந்தனப் பொட்டும் குங்குமமும்தான் அதற்கு அடையாளம். நேராகப் போகும்போது பொட்டு வலது பக்கமாகக் கிடக்கிறதே என்று அவனும் சொல்லிக்கொண்டுதான் இருந்தான். வண்டியைத் தூக்கினால் அப்படி விலகும், புது ராடு போடும்போது நேராக்கிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டான். தூக்கினால் விலகுவது நிசந்தானாம்.

பொட்டை மேலே வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது பக்கத்து வீட்டு டிரைவர் வந்தார். பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். நான் இந்தத் தெருவுக்கு வாழவந்த நாள்முதல் அவரிடம் நேருக்கு நேர் பேசியதில்லை. என்னைப் பார்த்ததும் கதவோரம் வந்து நின்றார்.

"மைனி, வண்டி திருச்செந்தூர் போவுமா? ஸ்டாண்டுல நிறுத்துவீயளா, இல்ல பைபாஸ்ல எறக்கி விட்டுருவீயளா?"

நான் குனிந்துகொண்டேன். கையை மட்டும் எடுக்கவில்லை. அவர் கீழே எட்டிப் பார்த்து, ராடில் மரை ரொம்ப வெளியே தெரிகிறதே என்றார். தூக்கின வண்டிக்கு அப்படித்தான் சித்தப்பா என்று இவன் நட்டை முறுக்கினான்.

குனிந்தபடியே பொட்டைப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் பூசை நாள் ஞாபகம் வந்தது. அன்று தண்ணீர் லாரிக்கு வழிவிட வண்டியைச் சுவரோரம் ஒடித்து நிறுத்தியிருந்தான். சக்கரம் இடது பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றது. அந்த நிலையில்தான் மருமகள் பொட்டு வைத்தாள். நான் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இடது பக்கம் சீக்கிரம் முட்டியதும் சேர்ந்து நினைவுக்கு வந்தது. பொட்டை மேலே வைத்து ராடை மாட்டினால் வண்டி இடது பக்கம் முழுசாகத் திரும்பாது. கண்மாய்க்கரையிலும் இடது வளைவுதான்.

சொல்லவேண்டும். ஆனால் அவர் நிற்கிறார். மருமகள் வைத்த பொட்டுதான் காரணம் என்று என் வாயிலிருந்து வந்தால், சாயங்காலத்துக்குள் தெருவெல்லாம் அதுதான் பேச்சாக இருக்கும். அவர் போகட்டும் என்று பார்த்தேன். அவர் போகிறதாக இல்லை. இவன் ஜாக்கியை இறக்கினான், கட்டைகளை எடுத்தான், என்னை இறங்கச் சொல்லி டேப்பின் ஒரு முனையைத் தந்து, சக்கரங்கள் நேராக நிற்கின்றனவா என்று முன்சக்கரங்களுக்கு நடுவே அளந்தான். முன்சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைக்கச் சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தான்.

பழத்தை வைத்தேன். வைத்துவிட்டு விலகவில்லை. என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. நான் வண்டிக்கு முன்னால் நின்றேன்.

"எய்யா, எறங்கு."

"என்னம்மா?"

"பொட்டு வைக்கும்போது வண்டி நேரா நிக்கல. சொவரப் பாத்து திரும்பி நின்னுச்சு."

"நல்ல நேரத்துல சகுனம் பாக்காத. பொட்டுல என்ன இருக்கு, வெலகு."

என்னால் அதற்கு மேல் எடுத்துச் சொல்ல முடியவில்லை. விலகவும் இல்லை. டிரைவர் என்னைப் பார்த்தார், ஸ்டியரிங்கைப் பார்த்தார். பிறகு அவன் பக்கம் திரும்பினார்.

"ஏலே, மைனி சகுனத்தச் சொல்லல. ஸ்டியரிங்கச் சொல்லுதாவ. அணைச்சிட்டு எறங்கு."

இவன் முகம் சிவந்துவிட்டது. இருந்தாலும் இறங்கினான். ராடைத் திரும்பக் கழற்றினார்கள். டிரைவர் ஏறி உட்கார்ந்து, இடது முட்டிலிருந்து வலது முட்டு மட்டும் சுற்றுகளை எண்ணித் திருப்பி, அதில் பாதிக்கு வந்து நிறுத்தினார். பொட்டு மேலே இல்லை. வலது பக்கம் இறங்கி, அவர் முழங்காலுக்கு நேராக நின்றது. இவன் பெட்ரோல் துணியால் பொட்டை அழுத்தித் துடைத்துவிட்டு மறுபடியும் அடியில் போய்ப் படுத்தான். இந்தத் தடவை மரை அவ்வளவு வெளியே தெரியவில்லை.

வெயில் சாய்வதற்குள் கண்மாய்க்கரைக்குப் போய்ப் பார்த்துவிடலாம் என்றான். டிரைவரும் ஏறிக்கொண்டார். என்னை வரவேண்டாம் என்றான். நான் முக்காலியை எடுத்துப் போட்டு ஏறினேன். இறக்கம் வந்தது. நான் பாதையைப் பார்க்கவில்லை, தண்ணீரையும் பார்க்கவில்லை, அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடது பக்கம் திருப்பினான். சக்கரம் உதறவில்லை. வண்டி வளைந்தது. வளைந்து முடிந்த பிறகும் அவன் கையில் திருப்புவதற்கு மிச்சம் இருந்தது. அப்போதுதான் ஜீப்பின் பக்கக் கம்பியைப் பிடித்திருந்த என் விரல் வலிப்பது தெரிந்தது.

வீட்டுக்கு வந்தபோது மருமகள் ஆபீசிலிருந்து வந்துவிட்டாள். வண்டிக்குள் எட்டிப் பார்த்து, நான் வைத்த பொட்டு எங்கே என்று கேட்டாள். மகன் வாயைத் திறந்தான்.

"பெட்ரோல் பட்டு அழிஞ்சு போச்சுட்டி" என்றேன். "காலைல வண்டிய நேரா நிறுத்திட்டு, அந்தப் பொம்பளைக வந்து ஏறதுக்கு முன்ன நீயே ஒண்ணு வச்சு விடு."

டிரைவர் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவர் காதிலும் விழுந்திருக்கும். திரும்பிப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார்.