பனி விழாத ஊரில் அண்ணா வாங்கிய பனி லொறி

இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் அண்ணாவைப் பலவிதமாக அறிந்திருப்பீர்கள். ஊரில் அவரோடு கூடப் படித்தவர்கள் இருக்கிறீர்கள். இங்கே மனுகாவில் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் அவரோடு ஒரே வரிசையில் நின்று வேலை செய்தவர்கள் இருக்கிறீர்கள். ஆனால் ஒக்லாந்தில் வாழும் நம்மவர்களில் பெரும்பாலோருக்கு அவர் “பனி லொறி வாங்கின மனுசன்”. கோயிலிலும் கலியாண வீடுகளிலும் அப்படிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். நானும் சிரித்திருக்கிறேன். அவர் அதை ஒருநாளும் பிழையாக எடுத்ததில்லை. அவர் எங்களை விட்டுப் போய் இன்று முப்பத்தோராம் நாள். அந்த லொறியின் காரணத்தை அவர் வாயாலேயே கேட்ட தங்கை என்பதால், அதை உள்ளபடி எழுதி வைப்பது என் கடமை என்று நினைக்கிறேன். அண்ணாவின் துணைவியாரான மச்சாள் இதற்குச் சம்மதம் தந்திருக்கிறார். “எல்லாத்தையும் எழுதுங்கோ. ஒளிச்சு வைச்சு என்ன கண்டம்” என்றார்.

அண்ணா மயிலிட்டியில் எங்கள் பெற்றோரின் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். அவருக்கும் எனக்கும் பதினொரு வயது வித்தியாசம். ஐயா காலமானபோது அண்ணாவுக்குப் பதினைந்து வயது, எனக்கு நான்கு. அடுத்த மாதமே அவர் பள்ளிக்கூடத்தை விட்டுக் காங்கேசன்துறையில் ஒரு கராஜில் சேர்ந்தார். மீன்பிடிப் படகு, அரிசி ஆலை, லொறி என்று டீசலில் ஓடும் எதுவாக இருந்தாலும் அவரிடம் வரும். நீளமான திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு வைத்துக் கேட்டே எந்தச் சிலிண்டரில் குறை என்று சொல்லிவிடுவார். அந்தக் கையால் உழைத்துத்தான் என்னைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைத்தார். என் படிப்பைப் பற்றி யாராவது அவரைப் புகழ்ந்தால், “அவள் படிக்கிறாள். நான் சும்மா கூட நிக்கிறன்” என்பார்.

அண்ணாவுக்குத் திருமணமாகி, அபிராமி என்ற மகள் பிறந்தாள். நான் மணமுடித்து நியூசிலாந்துக்கு, இந்த ஒக்லாந்துக்குப் புறப்பட்ட நாளில் அவள் என் கைப்பையைப் பிடித்துக்கொண்டு தானும் வருவேன் என்று அழுதாள். நான் அவளைக் கடைசியாகப் பார்த்தது அன்றுதான்.

தொண்ணூறில் சண்டையால் எங்கள் ஊரே இடம்பெயர்ந்தது. அண்ணா குடும்பம் சாவகச்சேரிப் பக்கத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டில் ஒதுங்கியது. அந்தக் காலத்தில் யாழ்ப்பாணத்துக்குள் டீசல் வரத் தடை இருந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். மண்ணெண்ணெயோடு தேங்காயெண்ணெயைக் கலந்து லொறிகளை ஓட்டினார்கள். அந்தக் கலவைக்கு ஏற்றபடி எஞ்சினைத் திருத்திக் கொடுப்பதில் அண்ணாவுக்குப் பெரிய பெயர். நாள் முழுவதும் அவரைத் தேடி ஆட்கள் வருவார்களாம்.

ஒரு மார்கழிக் காலையில் அபிராமிக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்தது. அப்போது அவளுக்கு ஏழு வயது. தான் திருத்திய ஒரு லொறியிலேயே தாயையும் மகளையும் ஏற்றிக்கொண்டு அண்ணா யாழ்ப்பாணம் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டார். கைதடியைத் தாண்டியதும் எஞ்சின் இழுத்து இழுத்து நின்றுவிட்டது. அண்ணா இறங்கிக் கழற்றிப் பார்த்தார். வழியில் போனவர்கள் தள்ளிப் பார்த்தார்கள். சைக்கிளில் ஒருவர் உழவு இயந்திரம் தேடிப் போனார். அது வந்து சேர்வதற்குள் மகள் தாயின் மடியில் போய்விட்டாள்.

இந்தச் செய்தி எனக்குக் கடிதமாக வந்து சேர இரண்டு மாதமாயிற்று. அதில் நான்கு வரிதான் இருந்தது.

பிறகு எத்தனையோ கடிதங்களும் படிவங்களும் எழுதி, அவர்கள் இருவரையும் ஒக்லாந்துக்கு எடுத்தோம். ஹில்ஸ்பரோவில் ஒரு சிறிய வீட்டை வாடகைக்கு எடுத்துக் கொடுத்தோம். மறுவருடம் மகன் அகிலன் பிறந்தான். அந்த வீட்டில் அபிராமியின் பெயரை யாரும் சொல்வதில்லை. சுவரில் அவள் படமும் இல்லை. அகிலனிடம் சொல்ல வேண்டாம் என்று அண்ணாவும் மச்சாளும் தமக்குள் ஒரு முடிவெடுத்திருந்தார்கள்.

என் கணவர் அண்ணாவுக்கு ஒரு கராஜில் வேலை தேடிக் கொடுத்தார். அண்ணா போகவில்லை.

“வேண்டாம் மச்சான். என்னட்டைச் சேர்டிபிக்கட் இல்லை.”

“அவங்கள் சேர்டிபிக்கட் கேக்கேல்லை. கை வேலையைத்தான் பாப்பினம்.”

“வேண்டாம்” என்பதோடு நிறுத்திக்கொண்டார்.

பிளாஸ்டிக் வாளி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஒரு நாள் லீவு எடுக்கவில்லை. தன் காருக்கு ஒயில் மாற்றக்கூட வேறு ஆளிடம்தான் கொடுத்தார். மனுசனுக்கு இங்கே வந்து பெருமை பிடித்துவிட்டது என்று சிலர் கதைத்தார்கள். அவர் கேட்டும் கேளாதவராக இருந்தார்.

இப்படி மூன்று நான்கு வருடங்கள் போயின. ஒரு சனிக்கிழமை என் காருக்குப் பக்கக் கண்ணாடி வாங்க, மனுகாவுக்கு அப்பால் உள்ள ஒரு பழைய வாகன யார்டுக்கு அண்ணாவையும் கூட்டிக்கொண்டு போனேன். யார்டின் பின்பக்கத்தில் அந்த லொறி நின்றது. மஞ்சள் வர்ணம் உரிந்து துருவேறிய பெரிய லொறி. முகப்பில் ஆள் உயரத்துக்கு இரும்பு வாய். வாய்க்குள் திருகாணி போல வளைந்த தகடுகள். மேலே பக்கவாட்டில் திரும்பிய ஒரு குழாய். வீதியில் கிடக்கும் பனியை அந்த வாயால் அரைத்து இழுத்து, குழாயால் தூர வீசுவதற்கென்று செய்த வண்டி. தீவின் நடுவிலுள்ள மலைப் பக்கம் முந்தி ஓடியதாம். எஞ்சின் இறுகிவிட்டது, திங்கட்கிழமை பழைய இரும்புக்கு வெட்டப் போகிறோம் என்று யார்டுக்காரர் சொன்னார்.

அண்ணா அதை இரண்டு தரம் சுற்றி வந்தார். எஞ்சின் மூடியைத் தூக்கி உள்ளங்கையை அதன்மேல் வைத்தார். “ஆறு சிலிண்டர். நல்ல பழைய டீசல்” என்றார். வந்த நாளிலிருந்து அவர் வாயில் நான் கேளாத சொற்கள். பிறகு யார்டுக்காரரிடம் போய், தன் அரைகுறை ஆங்கிலத்தில், வெட்ட வேண்டாம், நான் எடுக்கிறேன் என்று சொல்லிவிட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. “அண்ணா, இதை வைச்சு என்ன செய்யப் போறியள்? இஞ்சை பனியே விழாது.”

“ஓம் பிள்ளை, தெரியும்.”

“பிறகு?”

“திங்கட்கிழமை வெட்டப் போறாங்களாம்.”

சொல்லிவிட்டு, திறந்து கிடந்த எஞ்சின் மூடியை மெல்ல இறக்கிச் சாத்தினார்.

வீட்டில் மச்சாள் சிரிக்கவும் இல்லை, சண்டை பிடிக்கவும் இல்லை. “இனி எஞ்சினைத் தொடமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினது நானில்லை, நீங்கள்” என்று மட்டும் சொன்னார். அப்போதுதான் எனக்கே அப்படி ஒரு சத்தியம் இருந்தது தெரிந்தது. அன்று முதல் ஒரு கிழமை அவர் அண்ணாவோடு கதைக்கவில்லை.

லொறியை நிறுத்த இடம் கொடுத்தவர் திரு. ராஜு. பீஜியில் பிறந்தவர், மனுகாவில் கார்களுக்குத் தகடு அடித்து வர்ணம் பூசும் பட்டறை வைத்திருந்தார். அவருக்குத் தமிழ் விட்டு விட்டுத்தான் வரும், இடையிடையே இந்தியும் கலக்கும். “நம்ம யார்டு சும்மாதான் கிடக்கு பாய். வச்சுக்கோங்க” என்றார். அண்ணா ஒவ்வொரு சனிக்கிழமையும் காலையில் அங்கே போவார்.

முதலில் இறுகிய பிஸ்டன்களை இளக்க வேண்டியிருந்தது. ஆறு சிலிண்டருக்குள்ளும் டீசலும் ஒயிலும் கலந்து ஊற்றி ஊறவிட்டார். ஒவ்வொரு கிழமையும் ஒரு நீள அலவாங்குக் கம்பியைக் கொடுத்து மெல்ல நெம்பிப் பார்ப்பார். ராஜு பொறுமையிழந்து, பலமாக அடித்துப் பார்ப்போமா என்று கேட்டிருக்கிறார். அடித்தால் உடையும், அது தானாக விடட்டும் என்று அண்ணா மறுத்துவிட்டார். ஏழாவது சனிக்கிழமை அது ஒரு நகக்கண் அளவு அசைந்தது. அன்று எனக்குப் போன் எடுத்து, “விட்டிட்டுது பிள்ளை” என்றார்.

டீசல் பம்பை வீட்டுக்குக் கொண்டுவந்து, மேசையில் பழைய பேப்பரை விரித்துக் கழற்றினார். மச்சாள் அந்த மேசைப் பக்கம் வராமல் அடுப்படியிலேயே நின்று சாப்பிட்டார். கிடைக்காத சாமான்களைத் தொழிற்சாலையில் கூட வேலை செய்த ஒரு கடைசல்காரர் செய்து கொடுத்தார். இப்படி ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று.

ஒருநாள் மத்தியானம் நான் சோற்றுப் பார்சலோடு யார்டுக்குப் போயிருந்தேன். லொறியின் படியில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவர், நான் ஒன்றும் கேளாமலே கதைக்கத் தொடங்கினார்.

“அண்டைக்கு நான் முதலில ஃபில்டரைக் கழட்டியிருக்க வேணும். தேங்காயெண்ணெய் உறைஞ்சு அதுக்குள்ளதான் அடைச்சிருந்தது. நான் பம்பைக் கழட்டினன். அதிலதான் நேரம் போயிட்டுது.”

நான் படியில் அவருக்குப் பக்கத்தில் போய் அமர்ந்தேன்.

“ஃபில்டர் எண்டால் பத்து நிமிசம். எத்தினை வருசமா அந்த எஞ்சினை மனசுக்குள்ள கழட்டிக் கழட்டிப் பூட்டிறன். அதுதான் பிள்ளை, ஒண்டையெண்டாலும் கையால ஒழுங்காச் செய்து பாப்பம் எண்டு...”

“அண்ணா, அது உங்கட பிழை இல்லை.”

“எல்லாரும் அப்பிடித்தான் சொல்லுவினம். கழட்டினது நான்தானே” என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

அன்றிலிருந்து நான் அந்த லொறியைப் பற்றி ஒரு பகிடியும் விட்டதில்லை.

எஞ்சினை முதன்முதலில் இயக்கிப் பார்க்கிற நாளில் ராஜுவும் என் கணவரும் நானும் நின்றோம். யாரும் எதிர்பாராமல் மச்சாளும் அகிலனைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினார். அண்ணா குழாய்களில் இருந்த காற்றை ஒவ்வொரு நட்டாக இளக்கி வெளியேற்றினார். குமிழி இல்லாமல் டீசல் வரும்வரை காத்திருந்தார். பிறகு ஏறி ஸ்டார்ட் பண்ணினார். முதல் இரண்டு முறையும் முனகி நின்றது. மூன்றாம் முறை வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, கால் வைத்த நிலமெல்லாம் அதிர, எஞ்சின் பிடித்தது. ராஜு கைதட்டினார். அகிலன் காதைப் பொத்திக்கொண்டான்.

அண்ணா இறங்கி, திருப்புளியைக் காதில் வைத்து ஆறு சிலிண்டரையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறகு எங்களைப் பார்க்காமல் படியில் இருந்துவிட்டார்.

“ஓடுது” என்றார். தன் கைகளைப் பார்த்துக்கொண்டு, “இப்ப ஓடி என்ன” என்றார்.

மச்சாள் அகிலனின் கையை என்னிடம் தந்தார். கிட்டப் போய், அவர் மடியில் கிடந்த பழந்துணியை எடுத்து, அவர் கைகளிலிருந்த கிறீஸை ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிடத் தொடங்கினார். எஞ்சின் பக்கத்தில் ஓடிக்கொண்டேயிருந்தது. துடைத்து முடித்த பிறகும் கையை விடவில்லை.

ராஜுவுக்குத் தெரிந்த ஒருவர் மூலம், மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிறு பனிச்சறுக்குச் சங்கத்தார் வந்து லொறியைப் பார்த்துவிட்டு, தங்கள் பாதைக்கு வேண்டும் என்று கேட்டார்கள். அண்ணா யோசிக்காமல் கொடுத்தார். அடுத்த குளிர்காலத்தில் எங்களை அழைத்தார்கள். வாழ்நாளில் முதன்முறையாக அண்ணா பனியைப் பார்த்தது அன்றுதான். என் கணவரின் பெரிய கோட்டைப் போட்டுக்கொண்டு பாதையோரம் நின்றார். லொறி மெல்ல ஊர்ந்து, பாதையை மூடியிருந்த பனியை வெள்ளை வில்லாக வளைத்துத் தூரத்தில் கொட்டியது. நாங்கள் எல்லோரும் பனியைப் பார்த்தோம். அவர் புகைக்குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். “புகை சுத்தமாப் போகுது” என்றார். அன்று அவர் விடாமல் இருமினார். குளிர்தான் காரணம் என்று நினைத்தோம்.

குளிரில்லை. நுரையீரலில் புற்றுநோய் என்றும் முற்றிவிட்டது என்றும் வைத்தியர்கள் சொன்னார்கள். அண்ணாவுக்கு ஐம்பது வயதுகூட நிறையவில்லை. யாரிடமும் அவர் தன்னைப் பற்றிக் குறைப்படவில்லை. தொழிற்சாலைக்குத் தொலைபேசி எடுத்து, வர முடியாததற்கு மன்னிப்புக் கேட்டார். லொறிக்கு எப்போது எந்த ஒயில் ஊற்ற வேண்டும், ஃபில்டரை எப்போது மாற்ற வேண்டும் என்று மலையிலுள்ளவர்களுக்கு என்னைக்கொண்டு ஆங்கிலத்தில் எழுதுவித்தார்.

கடைசிக் கிழமையில் ஒரு பின்னேரம். ஆஸ்பத்திரியில் மச்சாளும் அகிலனும் நானும் கட்டிலைச் சுற்றி இருந்தோம். அண்ணா கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். திடீரென்று, “அபிராமி இருந்தால் இப்ப பதினாலு” என்றார்.

“ஹூ இஸ் அபிராமி?” என்று அகிலன் கேட்டான்.

நான் மச்சாளைப் பார்த்தேன். மச்சாள் அண்ணாவைப் பார்த்தார். அண்ணா கண்ணைத் திறந்து, “உன்ர அக்கா” என்றார்.

அகிலன் எங்கள் எல்லோரையும் மாறி மாறிப் பார்த்தான். அவனுக்கு அப்போது ஐந்து வயது. பிறகு கட்டிலருகே போய், அவள் தன்னைவிட உயரமா என்று அறிய, “வாஸ் ஷி பிக்கர் தான் மீ?” என்று கேட்டான்.

அண்ணா ஊசி ஏற்றியிருந்த கையைக் கட்டிலுக்கு வெளியே நீட்டி, தரையிலிருந்து ஒரு உயரத்தைக் காட்டினார். “இவ்வளவு” என்றார்.

“இல்லையப்பா. இன்னும் கொஞ்சம் உயரம்” என்று சொல்லி, மச்சாள் அந்தக் கையைத் தன் கையால் இரண்டு அங்குலம் உயர்த்திப் பிடித்தார். அகிலன் ஓடிவந்து அந்தக் கைகளுக்குக் கீழே நிமிர்ந்து நின்று பார்த்தான். அவன் தலைக்கும் கைக்கும் இடையில் ஒரு சாண் இடைவெளி இருந்தது.

அதற்குப் பிறகு நான்கு நாள் அண்ணா இருந்தார். அந்த நான்கு நாளும் அவர்கள் மூவரும் அபிராமியைப் பற்றியே கதைத்தார்கள். அவளுக்கு என்ன சாப்பாடு விருப்பம், எதற்குப் பயப்படுவாள், எப்படிச் சிரிப்பாள் என்று அகிலன் கேட்கக் கேட்க, ஒருவர் மறந்ததை மற்றவர் எடுத்துக் கொடுத்தார்கள். ஐந்தாம் நாள் விடியற்காலையில் அண்ணாவின் மூச்சு அடங்கியது. மச்சாள் பக்கத்தில் இருந்தார்.

அண்ணாவைத் தம் வீட்டு மனிதர் போலப் பார்த்த தாதிமாருக்கும் வைத்தியர்களுக்கும், தொழிற்சாலையிலிருந்து முறை வைத்து வந்து அவரோடு இருந்த தோழர்களுக்கும், இடம் தந்து கூட உழைத்துச் சகோதரராகவே ஆகிவிட்ட திரு. ராஜுவுக்கும், மலையிலிருந்து ஐந்து மணித்தியாலம் வாகனம் ஓட்டிவந்து இறுதிக் கிரியையில் தோள் கொடுத்த சங்கத்தாருக்கும், முப்பத்தொரு நாளும் அடுப்பு மூட்டவிடாமல் எங்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்து தந்த த்ரீ கிங்ஸ், ஹில்ஸ்பரோ பகுதி வாழ் உறவுகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றியைத் தெரிவித்துக்கொள்கிறேன்.

இந்த மலரின் கடைசிப் பக்கத்தில், பிள்ளைகள் என்று போட்டிருக்கும் இடத்தில் இரண்டு பெயர்களைக் காண்பீர்கள். அச்சுக்குக் கொடுக்க நான் எழுதிய முதல் பிரதியில் அகிலனின் பெயர் மட்டுமே இருந்தது. அவன் அதை எழுத்துக்கூட்டிப் பார்த்துவிட்டு, பென்சிலால் தன் பெயருக்கு மேலே, தாய் சொல்லச் சொல்ல, அக்காவின் பெயரை எழுதினான்.