கல்யாணப் படத்தின் அடியில் அக்கா எழுதிய வரி

இன்று அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வந்து இந்நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அக்காவின் வாழ்வைப் பற்றி எழுதும்படி என்னைக் கேட்டார்கள். எழுதுவதென்றால், உங்களிற் பலர் கேள்விப்பட்டு, சிலர் நம்பியும் இருந்த ஒரு கதையைத் தொடாமல் எழுத முடியாது. நம்பியவர்களில் நானும் ஒருவன்.

அக்கா பருத்தித்துறையில் பிறந்தார். அப்பா கப்பலில் வேலை செய்தவர். வருடத்தில் பத்து மாதம் வீட்டில் இருக்கமாட்டார். அம்மாவுக்கு ஓயாத தொய்வு, மூச்சிழுப்பு. என்னைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பி வளர்த்தவர் அக்காதான். இடப்பெயர்வுகளில் அவருடைய படிப்பு நின்றுபோனது. ஊர் திரும்பியபின், முப்பது வயது கடந்த நிலையில், நெல்லியடியில் ஒரு வகுப்பிற் சேர்ந்து, கணினியில் படங்களைத் திருத்தவும் இணைக்கவும் கற்றுக்கொண்டார். அவர் திருமணம் செய்யவில்லை. அதற்கு நான் ஒரு காரணம் என்று எனக்குத் தெரியும்.

பிறகு வீட்டு முன்னறையே அவருடைய வேலையிடம். பிள்ளைகள் நாலு நாட்டில் இருக்கும் குடும்பங்களின் படங்களை ஒரே தாளில் அடுக்கி, அந்த வீட்டுச் சுவருக்கு ஏற்ற அளவில் அச்சடிக்கக் கொடுப்பார். இரண்டு யன்னலுக்கு நடுவிலுள்ள ஒடுங்கிய இடம், சாமியறைக் கதவுக்கு மேலுள்ள நீளத்துண்டு என்று, கடையில் விற்கும் எந்த அளவும் பொருந்தாத சுவர்கள்தான் அவரிடம் வந்தன. பிறர் சொல்லும் அளவை அவர் நம்பமாட்டார். சைக்கிளில் போய்த் தானே அளப்பார். திரையில் அந்த அளவுக்கு வெறுந்தாள் ஒன்றைத் திறந்து, ஓரத்தில் வெட்டுக்கு இடம் விட்டு, அதன் பிறகுதான் முதற்படத்தை வைப்பார். கைத்தொலைபேசியில் வந்த சின்னப் படத்தைப் பெருப்பிக்கச் சொன்னால், “முகம் கலங்கிப்போம். முதல் எடுத்த படத்தை அனுப்பச் சொல்லுங்கோ” என்று திருப்பிவிடுவார்.

எங்கள் மாமாவின் மகளுக்குக் கல்யாணம் நடந்தது. மாப்பிள்ளை வெளிநாட்டில் இருந்து வந்து தாலி கட்டிவிட்டுத் திரும்பினார். அவருடைய தாயார் அதற்கு முன்பே காலமானவர். “அம்மாவையும் குடும்பப் படத்திலை நிப்பாட்டி விடுங்கோ அக்கா” என்று அவர் தொலைபேசியில் கேட்டார். அக்கா அப்படியே செய்தார். மத்தியில் குடும்பப் படம், சுற்றிவரப் பதினொரு சின்னப் படங்கள். முப்பத்தாறு அங்குல அகலம், இருபத்துநான்கு அங்குல உயரம். படத்துக்கான பிறேமை அந்த அளவிலேயே செய்விப்பதாக மாமா சொன்னார். அன்று மட்டும் அக்கா அளக்கப் போகவில்லை.

மகள் மாப்பிள்ளையிடம் போக விசாவுக்கு விண்ணப்பித்தபோது, சுவரில் தொங்கிய படத்தையும் மாமா கமராவில் எடுத்து அனுப்பிவிட்டார். தூதரகத்திலிருந்து மறுமொழி வந்தது: இறந்த பெண் திருமணத்தில் நிற்பது எப்படி? மற்றப் படங்களும் உண்மைதானா?

மாமி எங்கள் வாசலுக்கு வந்து கத்தினார். “கள்ளப்படம் செய்து என்ரை பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கெடுத்திட்டாய்!”

“அடியிலை எழுதித்தானே மாமி குடுத்தனான், அவவின்ரை படம் பிறகு சேர்த்ததெண்டு,” என்றார் அக்கா.

நான் மாமி வீட்டுக்குப் போய்ப் பார்த்தேன். படத்தின் அடியில் வெள்ளை ஓரம் மட்டுமே இருந்தது. ஒரு எழுத்தும் இல்லை.

அதற்குப் பிறகு மாமி அக்காவைத் தன் வீட்டுப் படலைக்குள் விடவில்லை. கல்யாணமே நடக்காதவர்களுக்குக் கல்யாணப் படம் செய்து கொடுக்கிறார் என்று சந்தையில் கதைத்தார்கள். நான் கிட்டப் போனால் கதை நின்றுவிடும். எனக்கும் மனதுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டுக்கு யார் வந்தாலும், என்ன படத்துக்கு வந்தார்கள் என்று ஒட்டுக்கேட்டேன். அக்கா தன் நோய்க்கு மருந்தெடுக்கக் கிளினிக்குக்குப் போன ஒரு காலையில் அவருடைய கணினியைத் திறந்தேன். அந்தப் படம் இருந்தது. அடியில் அந்த வரியும் இருந்தது. ஆனால் கோப்பைக் கடைசியாகச் சேமித்த நாள், மாமி சண்டை பிடித்ததற்கு மறுநாள். வரியைப் பிறகு எழுதியிருக்கிறார் என்று நினைத்தேன். கணினியை மூடிவிட்டு, ஒன்றும் தெரியாதவன்போல் அவர் வைத்த சோற்றைத் தின்றேன். ஐந்து மாதம் அப்படியே இருந்தேன்.

நோய் முற்றி, பருத்தித்துறை ஆஸ்பத்திரியில் அவர் படுத்திருந்தபோதுதான் கேட்டேன். கணினியைத் திறந்ததையும் சொன்னேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். “மாமி ஏசின உடனை, எழுதினனானோ எண்டு எனக்கே ஐமிச்சமாப் போச்சு. திறந்து பாத்தன். அப்ப சேவ் பண்ணுப்பட்டிருக்கும். அண்டைக்கே கேட்டிருந்தா காட்டியிருப்பனே, தம்பி.”

பிறகு அவரே கேட்டார்:

“பிறேம் என்ன உயரம்? நீ அளந்தனியோ?”

“இல்லை.”

“போய் அள.”

அளவு நாடாவோடு போனேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார். மாமாதான் படத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தார். படம் இருக்கும் உள் உயரம் இருபத்துமூன்று அங்குலம்.

“இருவத்திநாலுக்குத்தானே சொன்னனான்,” என்று மாமா முணுமுணுத்தார். “உவன் கடைக்காரன் கையிலை கிடந்த பிறேமைப் போட்டிட்டான் போலை.”

“மிச்சத்தை வெட்டியிருப்பான்,” என்றார் மாமி.

மாமா குறட்டினால் சின்ன ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கி, பின்மட்டையைத் தூக்கினார். வெட்டவில்லை. தாளின் அடி ஒரு அங்குலம் பின்பக்கம் மடிக்கப்பட்டிருந்தது. மடிப்பில் தாள் வெடித்திருந்தது; மடிந்த பக்கத்தில் எழுத்து இருந்தது. மாமி கண்ணாடியைப் போட்டு வாசித்தார்: “மணமகனின் மறைந்த தாயாரின் படம் பின்னர் இணைக்கப்பட்டது.” இரண்டாம் முறை வாசிக்கத் தொடங்கியவர் முடிக்காமல் கதிரையில் அமர்ந்துவிட்டார்.

ஆஸ்பத்திரிக்குத் திரும்பி வந்து சொன்னேன். “மடிச்சவன் வெட்டாமல் விட்டானே, நல்லகாலம்,” என்றார் அக்கா. அடுத்த நாள் மாமி சூப்போடு வந்தார். அக்கா இரண்டு கரண்டி குடித்தார். மடிப்பை விரித்து எடுத்த படமும் விளக்கக் கடிதமும் போய், மாமாவின் மகளுக்கு விசா கிடைத்தது. அந்தச் செய்தி வந்தபோது அக்கா இல்லை.

கடைசி நாள்வரை அவரைத் தூக்கி இருத்திக் கழுவித் துடைத்த தாதியர்களுக்கும், முறைவைத்துக் கூட நின்ற அயலவர்களுக்கும், செத்தவீட்டில் மூன்று நாளும் அடுப்படியை விட்டு வெளியே வராத மாமிக்கும், முன்னால் நின்று எல்லாம் பார்த்த மாமாவுக்கும், தொலைவிலிருந்து ஆறுதல் சொன்ன அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

அக்காவிடம் மன்னிப்பும் கேட்டேன், அவர் போவதற்கு இரண்டு நாள் முன்பு. மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. தண்ணீர் கேட்டார். கொடுத்தேன். குடித்துவிட்டு, என் கையை விடாமல் பிடித்தபடி நித்திரையானார்.

அவர் வளர்த்த தம்பி