ஹலோக்காரம்மா வீட்டுக் கறுப்புத் திரை

எங்கள் குடியிருப்பில் அண்ணியின் பெயர் யாருக்கும் தெரியாது. ஹலோக்காரம்மா வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட மூன்றாவது மாடியைக் கை காட்டும். அண்ணியின் வேலை ஹலோ சொல்வது. அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். நானும் பேச்சு வந்த நாளிலிருந்து ஹலோ சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன், ஒருத்தரும் பத்துப் பைசா கொடுத்ததில்லை.

கம்ப்யூட்டர் விற்கிற ஒரு கம்பெனிக்கு உதவி எண் இருக்கிறது. வாங்கினவர்கள் அது மக்கர் பண்ணினால் அந்த எண்ணுக்குப் போன் போடுவார்கள். எடுத்துப் பேசுகிறவர்களில் அண்ணி ஒருவர். ஆபீசுக்குப் போக வேண்டியதில்லை. வீட்டு ஹாலின் மூலையில் ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு கம்ப்யூட்டர், காதில் ஹெட்போன், அவ்வளவுதான் ஆபீஸ். விடியற்காலையில் ஷிஃப்ட் ஆரம்பம். அதே ஹாலில், மேஜைக்கு மூன்றடி தள்ளி, இழுத்தால் கட்டிலாகிற சோபாவில் நான் தூங்குகிறேன். துணிக்கடையில் ஷட்டர் இறங்கும்வரை நின்றுவிட்டு வருகிற கால்கள் என்னுடையவை. காலையில் என்னை யாராவது எழுப்பினால் என்ன ஆகும் என்பது எங்கள் பரம்பரைக்கே தெரியும்.

அண்ணி என்னைவிட இரண்டு வயது சின்னவர். என் அண்ணனைக் கட்டிக்கொண்டதால் ஒரே நாளில் மூத்தவர் ஆகிவிட்டார். போகட்டும், மரியாதையாகவே சொல்கிறேன். எங்களுக்குள் நாத்தனார் சண்டை என்று ஒன்றும் கிடையாது. சண்டை போட வேண்டுமானால் பேச வேண்டுமே.

உதவி எண்ணுக்கு வருகிற போனில் பாதி ஒரே புலம்பல். கொஞ்ச நேரம் தொடாமல் விட்டால் கம்ப்யூட்டர் தானாகத் தூங்கிவிடும். ஏதாவது ஒரு பட்டனைத் தட்டினால் எழுந்துகொள்ளும். சில நாள் எழுந்துகொள்ளாது, திரை கறுப்பாகவே நிற்கும். உடனே மக்கள் அலறியடித்துக்கொண்டு அண்ணிக்குப் போன் போடுவார்கள், அண்ணி அதை எழுப்பிக் கொடுப்பார். இரண்டு வருஷமாக அரைத் தூக்கத்தில் கேட்டுக் கேட்டு எனக்கு அந்தப் பாட்டு மனப்பாடம். கம்ப்யூட்டரைத் தொட்டதுதான் இல்லை.

அண்ணியிடம் ஒரு சூட்சுமம் உண்டு. ஒருநாள் சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"ப்ளக் சொருகியிருக்கான்னு மட்டும் கேக்கவே கூடாதுங்க. கேட்டாலே ரோஷம் வந்துடும். பாக்காமலே 'அதெல்லாம் பாத்தாச்சு'ன்னுடுவாங்க. அப்புறம் அரை மணி நேரம் நாம மாரடிக்கணும்."

"அப்ப என்னதான் கேப்பே?" என்றார் அண்ணன்.

"கேக்கவே மாட்டேன். 'ப்ளக்குல தூசி சேந்திருக்கும் சார், ஒரு தடவை கழட்டித் தொடச்சுட்டு மாட்டிப் பாருங்களேன்'னு சொல்லுவேன். போய்ப் பாத்தா ப்ளக்கு தரையில கிடக்கும். திரும்பி வந்து, 'தூசிதாங்க மேடம்'பாங்க. 'ஆமா சார், எல்லா வீட்லயும் இருக்கிறதுதான்'னு சொல்லி வச்சிடுவேன்."

அண்ணன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கு எரிந்தது. ஊர் பேர் தெரியாதவனின் மானத்தைக் காப்பாற்ற இவ்வளவு பக்குவம், இவ்வளவு மெதுவான குரல், மேடம், சார். எனக்கு மட்டும் "பால மூடி வைக்கலியா?", "ஃபேன் யாருக்கு ஓடுது?" குக்கர் விசில் மாதிரி ஒரு குரல். ஊருக்கெல்லாம் தேன், வீட்டுக்கு மட்டும் வேப்பெண்ணெய்.

எனக்கு அந்தக் கம்ப்யூட்டரோடு ஒரே ஒரு விவகாரம்தான். ராத்திரி அது தூங்கும்போது திரைக்குக் கீழே ஒரு சின்ன விளக்கு மினுக் மினுக் என்று கண்ணடித்துக்கொண்டே இருக்கும். நாலு முக்கு ரோட்டில் படுத்திருப்பது மாதிரி இருக்கிறது என்று வந்த புதிதில் அண்ணனிடம் கத்தினேன். பிறகு நானே வழி கண்டுபிடித்தேன். அந்த விளக்குக்குப் பக்கத்தில் ஒரு பட்டன். படுக்கப் போகும்முன் அதை ஒரு அமுக்கு அமுக்கினால் விளக்கு செத்துவிடும். காலையில் மறுபடி எரியும். அது விளக்கின் பட்டன் என்று நினைத்திருந்தேன். விளக்குப் பக்கத்தில் இருந்தால் விளக்கின் பட்டன்தானே, வேறென்ன நினைப்பார்கள்?

இப்படி இருக்கும்போது கம்பெனி ஒரு குண்டைப் போட்டது. வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் எல்லாரும் அடுத்த மாதம் முதல் ஆபீசுக்கே வர வேண்டும். ஒருவர் மட்டும் வீட்டிலிருந்தபடியே புது ஆட்களுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். யார் அந்த ஒருவர் என்பதை நேரில் கூப்பிட்டு வைத்து முடிவு செய்வார்களாம்.

ஆபீஸ் ஊரின் மறுகோடியில் இருந்தது. அண்ணனோ இடுப்பு போய்ப் படுக்கையில் இருந்தார். ஒரு ஆள் தோள் கொடுத்தால்தான் பாத்ரூம்வரைக்கும் போவார். ஆபீசில் ஷிஃப்ட் ராத்திரிவரைக்குமாம், சாயங்காலமானால் நான் கடைக்குப் போய்விடுவேன். அண்ணியும் வெளியே போனால் அவரை யார் தூக்குவது? அந்த ஒற்றை இடம் கிடைக்காவிட்டால் அண்ணி வேலையை விட வேண்டியதுதான். என் சம்பளம் வாடகைக்கே நொண்டியடிக்கும். மூன்று வாய்க்கும் சோறு போட்டது அந்த ஹலோதான்.

புது ஆட்களுக்கு எப்படிச் சொல்லித்தருவேன் என்று பாடம் ஒன்று எழுதி முன்கூட்டியே மெயிலில் அனுப்பச் சொல்லியிருந்தார்கள். அண்ணி ராப்பகலாக உட்கார்ந்து எழுதினார். நேரில் போக வேண்டியதற்கு முதல் நாள் இரவு நான் கடையிலிருந்து வந்தபோது எல்லாவற்றையும் மெயிலிலேயே எழுதி முடித்துவிட்டு எழுந்தார். அண்ணன் கூப்பிட்டார், அண்ணி உள்ளே போனார். கம்ப்யூட்டர் தூங்கியது. நான் விளக்கை அமுக்கிவிட்டுப் படுத்தேன். காலையில் அண்ணி ஷிஃப்ட்டுக்கு லீவு போட்டுவிட்டு, மேஜைப் பக்கமே போகாமல், ஆபீசுக்குக் கிளம்பிப் போய்விட்டார்.

நான் காபி போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. குக்கர் விசில்.

"மெயில் போகலே. நேத்து அனுப்பினேன்னு நெனச்சேன், அனுப்பவே இல்ல. அடுத்தது நான்தான், கூப்பிடப் போறாங்க. போய்க் கம்ப்யூட்டரைத் தட்டு. மெயில் தெறந்தேதான் இருக்கும். அனுப்புற பட்டனை அமுக்கினாப் போதும்."

போனேன். ஒரு பட்டனைத் தட்டினேன். பிறகு பக்கத்துப் பட்டனை. பிறகு கைக்கு வந்ததையெல்லாம்.

"கறுப்பா இருக்கு அண்ணி."

"நல்லாத் தட்டு."

"தட்டிட்டேன். கறுப்பாத்தான் இருக்கு."

"சொவத்துல ஸ்விட்ச் போட்டிருக்கியா?"

எனக்குச் சுருக்கென்றது. "போட்டுத்தான் இருக்கு" என்றேன். நான் சுவரைப் பார்க்கவில்லை.

"திரை ஆன்ல இருக்கா? பாத்தியா?"

"அதெல்லாம் பாத்தாச்சு! எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?"

சொன்ன பிறகுதான் இந்த வசனத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று தோன்றியது. ஆனால் வாயிலிருந்து போனது போனதுதான்.

உள்ளறையிலிருந்து அண்ணன் குரல் கொடுத்தார். "மண்டையில ஒரு தட்டு தட்டிப் பாரு!"

"யார் மண்டையில?" என்று நான் கத்தினேன்.

அண்ணி நம்பிவிட்டார். திரை ஆனில் இருக்கிறது என்று நான் சொன்னதை வைத்துக்கொண்டு கம்ப்யூட்டரில் கோளாறு தேட ஆரம்பித்தார். சுட்டெலி மாதிரி இருக்கிறதே, அதைப் பிடுங்கி மாட்டச் சொன்னார். மாட்டினேன். கீபோர்டைப் பிடுங்கி வேறு ஓட்டையில் மாட்டச் சொன்னார். மேஜைக்கடியில் தவழ்ந்து மாட்டினேன், மண்டை இடித்தது, அண்ணன் சொன்னது நடந்துவிட்டது. திரை கறுப்பு. கம்ப்யூட்டர்ப் பெட்டியின் பெரிய பட்டனை அமுக்கிப் பிடித்து ஒரேயடியாக நிறுத்திவிடட்டுமா என்று கேட்டேன், எனக்குத்தான் பாட்டு மனப்பாடமாயிற்றே. "ஐயோ, தொட்டுடாதே! அந்தப் பாடத்தை நான் எங்கேயும் சேமிச்சு வைக்கலே!" என்று அலறினார். அண்ணியின் குரலில் அழுகை எட்டிப் பார்த்ததை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். இதுவரை கைக்கு வந்ததையெல்லாம் தட்டியதில் எது போயிற்றோ, எது இருக்கிறதோ.

"கீழ் வரிசையில ஜன்னல் மாதிரி படம் போட்ட பட்டன் இருக்கும். அதோட கன்ட்ரோல், ஷிஃப்ட், பி. நாலையும் ஒண்ணா அமுக்கு. கம்ப்யூட்டர் முழிச்சிருந்தா ஒரு சத்தம் குடுக்கும்."

நாலையும் கண்டுபிடித்து அமுக்குவதற்கு எனக்கு இன்னொரு கை தேவைப்பட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு அமுக்கினேன். எங்கிருந்தோ 'டிங்' என்று ஒரு சத்தம் வந்தது.

"சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு. ஆனா கறுப்புதான்."

அந்தப் பக்கம் யாரோ அண்ணியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். "ரெண்டு நிமிஷம் சார், கஸ்டமர் லைன்ல இருக்காங்க" என்றார் அண்ணி. பிறகு போனில் வேறொரு குரல் வந்தது. மெதுவான குரல். காலைத் தூக்கத்தில் நான் கேட்கிற அதே குரல்.

"கம்ப்யூட்டர் முழிச்சுட்டு இருக்குங்க மேடம். நீங்க எல்லாத்தையும் சரியாத்தான் பண்ணியிருக்கீங்க. திரைக்குக் கீழே, வலது பக்கம், ஒரு சின்ன பட்டன் இருக்கும் பாருங்க. அதுல தூசி அடைஞ்சிருக்கும். முந்தானையால லேசாத் தொடச்சுட்டு, ஒரு தடவை அமுக்கிப் பாருங்களேன்."

கையை வைத்தேன். கண்ணை மூடிக்கொண்டே அந்தப் பட்டன் எனக்குத் தெரியும். தினமும் ராத்திரி நான் அமுக்குகிற பட்டன்.

தூசி ஒன்றும் இல்லை. அமுக்கினேன். திரை பளிச்சென்று வந்தது. மெயில் அப்படியே இருந்தது, நான் கண்டபடி தட்டியதில் கடைசியில் 'ககககககக' என்று மட்டும் ஒரு வரி கூடியிருந்தது.

"அண்ணி" என்றேன். "இது அந்த விளக்குப் பட்டன்."

"ம்."

"ராத்திரி நான்தான்..."

"தெரியும்."

"அப்ப தினமும் காலையில நீங்க..."

"அனுப்புற பட்டனை அமுக்குங்க மேடம்."

அமுக்கினேன். போயிற்று, 'ககககககக' சகிதமாக. உள்ளேயிருந்து அண்ணன், "தட்டினியா?" என்று கேட்டார். காபி ஆறிப்போயிருந்தது.

அண்ணி மத்தியானம் வந்தார். செருப்பைக் கழற்றினார், கைப்பையை மாட்டினார், ஃபேனை நிறுத்தினார். இடம் கிடைத்ததா இல்லையா என்று முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, அந்த முகத்தில் எப்போதுமே ஒன்றும் தெரியாது. கடைசியில் அண்ணன்தான் பொறுக்க முடியாமல் உள்ளேயிருந்து கத்தினார்.

"கெடச்சுதா இல்லியாடி?"

"கெடச்சுது. கத்தாதீங்க, இடுப்பு வலிக்கும்."

அண்ணன் படுத்தபடியே கை தட்டினார். எனக்கு அப்பாடா என்று இருந்தது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

"பாடம் நல்லாருக்குன்னாங்களா அண்ணி?"

"பாடத்தை முழுசாப் படிக்கல. கடைசியில என்ன க-ன்னு கேட்டாங்க. கஸ்டமர்னு சொல்லிட்டேன்." தண்ணீர் குடித்தார். "குரலைப் பத்தித்தான் கேட்டாங்க. பேசினவங்கல்லாம் என் குரல் ரொம்ப மெதுவா, சாந்தமா இருக்குன்னு சொல்லியிருக்காங்களாம். எங்க கத்துக்கிட்டீங்க, புது ஆளுங்களுக்கு அதை எப்படிச் சொல்லித் தருவீங்கன்னாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். மூணடி தள்ளி நாத்தனார் தூங்குறா, சத்தமாப் பேசினா முழிச்சுக்குவா, முழிச்சா யாரால சமாளிக்க முடியும்னு சொன்னேன். எல்லாரும் சிரிச்சாங்க." டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "இதுல சிரிக்க என்ன இருக்குன்னு எனக்குத் தெரியல. பால மூடி வைக்கலியா?"

நான் போய்ப் பாலை மூடினேன். மூடிவிட்டு அங்கேயே கொஞ்ச நேரம் நின்றேன். இரண்டு வருஷமாக அந்தக் குரல் எனக்குக் கிடைக்கவில்லை என்று வயிறெரிந்துகொண்டிருந்தேன். அது முழுக்க எனக்காகவே இருந்திருக்கிறது. வெட்கமாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மனுஷி.

அன்று ராத்திரி நான் பட்டனை அமுக்கவில்லை. சின்ன விளக்கு கண்ணடித்துக்கொண்டே இருந்தது. புரண்டு புரண்டு படுத்து எப்படியோ தூங்கிப்போனேன்.

விடியற்காலையில் பூனை மாதிரி அண்ணி வரும் சத்தம் கேட்டது. இருட்டில் நாற்காலியை இழுக்காமல் தூக்கி வைத்தார். கீபோர்டைத் தட்டினார். கூடவே, வழக்கப்படி, கை தானாகப் போய்த் திரைக்குக் கீழிருந்த பட்டனை அமுக்கியது. ஏற்கெனவே ஆனில் இருந்தது அணைந்துபோயிற்று. திரை கறுப்பு.

அண்ணி மறுபடி கீபோர்டைத் தட்டினார். கறுப்பு. குனிந்து ஒயரைப் பார்த்தார். சுட்டெலியைப் பிடுங்கி மாட்டினார். ஷிஃப்ட் ஆரம்பிக்க நேரமாகிவிட்டது, மூச்சு வாங்கியது தெரிந்தது. நாலு பட்டனை ஒன்றாக அமுக்கினார். 'டிங்.'

நான் போர்வையை விலக்காமல், என்னால் முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன்.

"அந்தச் சின்ன பட்டன்ல தூசி இருக்கும் மேடம். தொடச்சுட்டு ஒரு தடவை அமுக்கிப் பாருங்களேன்."

பிறகு முந்தானையால் துடைக்கிற சத்தம் கேட்டது, நிஜமாகவே துடைத்தார். சுவரில் வெளிச்சம் விழுந்தது.

"தூசிதான்" என்றார் அண்ணி. "தூங்கு."

பிறகு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, என்னை எழுப்பாத குரலில், யாருக்கோ ஹலோ சொன்னார்.