அம்மா தந்த அரசாங்க உத்தியோகம்

லண்டனில் வேலை இல்லாமல் இருப்பது ஒரு முழுநேர வேலை. மேலதிகாரி உண்டு, நேரத்துக்குப் போகவேண்டும், பிந்தினால் ஏச்சு விழும். பதவி உயர்வு மட்டும்தான் இல்லை. யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசாங்க உதவிப்பணத்துக்கு விண்ணப்பித்துவிட்டு ஜொப் சென்ரர் கதிரையில் குந்தியிருந்த சக தியாகிகளே, இது உங்களுக்காக.

நான் அரசியல் தத்துவத்தில் முதல் வகுப்புப் பட்டதாரி. லூயிஷாமில் ஓர் அறையில் இருக்கிறேன். வாடகை போவது இந்த உதவிப்பணத்தில்தான். அது நின்றால் இல்ஃபோர்டில் அம்மா வீட்டு முன்னறைச் சோபாதான் கதி. சோபா என்றால் சும்மா சோபா இல்லை, தினமும் கலியாணப் பேச்சோடு வரும் சோபா.

குழுவோடு ஒத்துழைப்பவர்

ஜொப் சென்ரரில் என்னை சி.வி. என்கிற சுயவிபரம் எழுதப் பழக்கும் வகுப்புக்கு அனுப்பினார்கள். "எல்லோரும் 'நான் குழுவோடு ஒத்துழைப்பவர்' என்று எழுதுங்கள்" என்றார் படிப்பித்தவர். நான் கையை உயர்த்தினேன். எல்லோரும் அதையே எழுதினால் முதலாளி ஆளை எப்படிப் பிரித்தறிவார்? ஒத்துழைக்காதவரும் அதைத்தானே எழுதுவார்? அவர் ஒரு பதில் சொன்னார், நான் இரண்டு சொன்னேன். வெல்லப்போகிற நேரம் பார்த்து, பக்கத்துக் கதிரை அண்ணை என் பக்கம் சாய்ந்தார். ஜேர்மனியிலிருந்து வந்து இங்கே கடை போட்டு, அதையும் பூட்டிவிட்டு வந்திருப்பவர்.

"தங்கச்சி, ஓமெண்டு எழுதிப்போட்டு விடுங்கோ. நான் காரை நிப்பாட்டக் கூடாத மஞ்சள் கோட்டிலை விட்டிட்டு வந்தனான்."

நாய்க்கும் அனுபவம் வேண்டுமாம்

எனக்குப் பொறுப்பான அதிகாரி டெபி நல்ல மனுசி. அதுதான் பிரச்சினை, நல்ல மனுசியோடு மனம்விட்டுச் சண்டை பிடிக்க ஏலாது. நாய்களை உலாத்தக் கூட்டிப்போகும் வேலை ஒன்றுக்கு அவர் என்னை அனுப்பினார். முன் அனுபவம் உண்டா என்று கேட்டார்கள். எங்கள் வீட்டில் அம்மா ஒரு பூனையைக்கூட வாசல்படி தாண்ட விட்டதில்லை. வேலை கிடைக்கவில்லை.

திரும்பி வந்து டெபியிடம் கொதித்தேன். "வேலை கிடைக்க அனுபவம் வேண்டும், அனுபவம் கிடைக்க வேலை வேண்டும். இது என்ன நியாயம்?" அவர் பெருமூச்சு விட்டார்.

"நாய்கள் திருப்பி வாதாடாது. அதனால்தான் உங்களை அங்கே அனுப்பினேன்."

மாப்பிள்ளை வீட்டு அழைப்பு

ஒருநாள் என் போன் குசினித் தொட்டிக்குள் விழுந்து செத்தது. அதைத் திருத்தி எடுக்கும்வரை அம்மாவின் நம்பரை டெபியிடம் கொடுத்தேன். சகோதரிகளே, ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள். யாரோ தெரியாதவர் போனில் மகளைப் பற்றி விசாரித்தால், எங்கள் அம்மாமாருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான்: மாப்பிள்ளை வீடு.

நான் வீட்டில் நிற்கிறேனா என்றுதான் டெபி கேட்டிருக்கிறார். அம்மா வருடக்கணக்காகத் தயாராக வைத்திருந்ததைத் தன் ஆங்கிலத்தில் ஒரே மூச்சில் ஒப்புவித்துவிட்டார்: மகள் ஒஃபிசில் நிற்கிறாள், அரசாங்க உத்தியோகம், நிரந்தரம், வெள்ளிக்கிழமை மச்சமாமிசம் சாப்பிடமாட்டாள். பின்னேரம் நான் இல்ஃபோர்டுக்குப் போனதும் பூரிப்போடு ஓடிவந்தார்.

"ஒரு வெள்ளைக்காரப் பொம்பிளை போன் எடுத்தவ, பிள்ளை. பெடியன் வெள்ளையெண்டாலும் பரவாயில்லை, தாய் நல்ல மரியாதையாக் கதைச்சவ!"

எந்த அரசாங்கம்?

அடுத்த நாளே தகவல் வந்தது: நீங்கள் மறைத்த வேலையைப் பற்றி விளக்கம் தரவும், அதுவரை பணம் நிறுத்தப்படும். வாடகை நாள் கிட்டிக்கொண்டிருந்தது. டெபியிடம் ஓடினேன். இருக்கிற வேலைக்கு முதலாளி கடிதம் தருவார். இல்லாத வேலைக்கு யாரிடம் வாங்குவது? லண்டனில் எனக்கு வேலை தராத எல்லோரிடமுமா? டெபி பொறுமையாகக் கேட்டார். சொன்னவரே நேரில் வந்து மறுத்தால் போதும் என்றார். பிறகு சிரிப்பை அடக்க முடியாமல் ஒன்றைச் சேர்த்தார்.

"உங்கள் அம்மா அரசாங்க வேலை என்றார். அரசாங்கம் நாங்கள்தான். தேடிப் பார்த்தோம், நீங்கள் இங்கே இல்லை."

வாக்குமூலம்

வெள்ளிக்கிழமை அம்மா லூயிஷாம் சிவன் கோயிலுக்குப் போய்விட்டு, பட்டுச்சேலையோடு வந்து இறங்கினார். "ஒரே ஒரு வசனம் அம்மா. எனக்கு வேலை இல்லையெண்டு சொல்லுங்கோ" என்று வழியெல்லாம் கெஞ்சினேன். அம்மா டெபிக்கு முன்னால் உட்கார்ந்து, தெரிந்த முகம் ஏதும் உண்டோ என்று சுற்றிப் பார்த்து, குரலைத் தாழ்த்தி, தன் ஆங்கிலத்தில் அந்த வசனத்தைச் சொன்னார். மூச்சு விட்டேன். ஆனால் அம்மா எதையும் அரைகுறையாகச் செய்பவர் இல்லை. "சும்மாதான் இருக்கிறாள். பத்து மணிமட்டும் நித்திரை. வேலையொண்டும் தேடுறேல்லை, வாய் மட்டும்தான்!"

வேலை தேடாவிட்டாலும் பணத்தை வெட்டுவார்கள். டெபி அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"முதல் வசனத்தைப் பதிந்துவிட்டேன், பணம் வரும். மற்றது எனக்குக் கேட்கவில்லை."

வாசலில்

வெளியே வந்தால், கோயிலில் அம்மாவோடு மாலை கட்டும் அன்ரி, நெற்றி நிறைய விபூதியோடு எதிரே நிற்கிறார். எங்களைப் பார்த்தார், எங்களுக்குப் பின்னாலிருந்த கட்டடத்தைப் பார்த்தார். "என்ன அக்கா, இங்காலை?" நான் கண்ணை மூடிக்கொண்டேன். அம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்தார்.

"மகளின்ரை ஒஃபிஸ் இதுதான். வெள்ளிக்கிழமையெண்டபடியால் வேலை முடிச்சு வெள்ளெனவே விட்டிட்டினம்."

அந்தப் பதிலில் பிழை பிடிக்க இன்றுவரை முயல்கிறேன், ஆனால் மேலதிகாரியும் நேரக்கட்டுப்பாடும் ஏச்சும் உள்ள ஓர் இடத்தை ஒஃபிஸ் இல்லை என்று சொல்ல என் தத்துவப் பட்டம் இடம்தரவில்லை.