அம்மாவின் கால் வீக்கம் வற்றிய கதை

நேற்று அம்மாவை டிஸ்சார்ஜ் செய்து காவாந்தண்டலத்தில் இருக்கும் வீட்டுக்கு அழைத்து வந்தோம்.

அழைத்து வந்தோம் என்றால், தூக்கி வந்தோம். நைனா (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஒரு பக்கம், நான் ஒரு பக்கம்.

பக்கவாதம். இடது கையும் இடது காலும் வேலை செய்யவில்லை. தொட்டால்கூடத் தெரியவில்லை.

காரணம் என்ன தெரியுமா? ஒரு ஜோடி மெட்டி!

அம்மாவுக்கு பி.பி. என்று தெரிந்ததும் மாத்திரை ஆரம்பித்தார்கள். தலைசுற்றல் நின்றது. ஆனால் கால் வீங்கத் தொடங்கியது.

சாயங்காலம் ஆனால் பாதம் இரண்டும் பன் மாதிரி உப்பிவிடும். (தன் செருப்பு நுழையாமல் நைனா செருப்பைப் போட்டுக்கொண்டு கழனிக்குப் போவாள். அவர் வெறுங்காலோடு பின்னால் போவார்!)

செருப்பை மாற்றிக்கொள்ளலாம். மெட்டியை?

கல்யாணத்தில் நைனா போட்டுவிட்டது. நடுவில் பிளவு இல்லாத முழு வளையம். லூஸ் பண்ணவும் முடியாது, கழற்றவும் முடியாது. விரலைக் கவ்விக்கொண்டது.

வீட்டுக்கே வந்து மாத்திரை கொடுக்கும் அக்கா அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார்.

"இன்னா அத்தை, விரலு நீலமாகிக்கினு வருது! மொதல்ல மெட்டிய கட் பண்ணி எடு. அப்படியே டாக்டராண்ட வந்து கால காட்டு."

அவர் தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டார். அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"புருசன் குத்துக்கல்லாட்டம் கீறப்ப மெட்டிய வெட்டச் சொல்றாளே! இன்னா வாய்டி அது!"

எங்கள் பக்கம் புருஷன் போன பிறகுதான் மெட்டியைக் கழற்றுவார்கள். அதனால் நைனாவும் அம்மா பக்கம்தான். லீவில் வந்திருந்த நானும் சிரித்துவிட்டு விட்டுவிட்டேன்.

கொஞ்ச நாள் கழித்து வீடியோ காலில் காலைக் காட்டினாள். (எனக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை, ஹாஸ்டல் வாசம்.)

"பாருடி, வத்திப்போச்சி!"

"சூப்பர்மா! மாத்திரை உடம்புக்கு செட் ஆயிடுச்சி போல!"

"ஆமா, ஆமா."

எனக்கு அவ்வளவு சந்தோஷம்!

அடுத்த வாரமே வேர்க்கடலை பிடுங்கிக்கொண்டிருந்தவள் கழனியிலேயே சாய்ந்துவிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்கு முன்னால் நகையெல்லாம் கழற்றச் சொன்னார்கள். மெட்டியையும்தான். நைனா சிஸ்டரைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"அது வராதும்மா. வெட்டித்தான் எடுக்கணும். என்னால வெட்ட முடியாது."

சிஸ்டர் குனிந்து லேசாக இழுத்தார். வந்துவிட்டது. இரண்டு காலிலுமே.

வீடியோ காலில் "வத்திப்போச்சி" என்று காட்டியது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"பி.பி. மாத்திரை தினமும் போட்டாங்களா?" என்று டாக்டர் கேட்டார். நைனா "போட்டா சார்" என்றார். அம்மா கோணிய வாயோடு குழறிக் குழறி உண்மையைச் சொன்னாள்.

"நிறுத்திட்டேன் சார். மெட்டி கடிச்சிது."

டாக்டர் திட்டுவார் என்று நினைத்தேன். திட்டவில்லை.

"அந்த மாத்திரையால சில பேருக்குக் கால் வீங்கும்மா. வந்து சொல்லியிருந்தா வேற மாத்திரை மாத்திக் கொடுத்திருப்பேனே."

அவ்வளவுதான் விஷயம்! டாக்டரிடம் போய் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்.

எனக்குக் கோபம் கோபமாக வருகிறது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. அம்மா மேல் கோபப்பட்டால் அழுகைதான் வருகிறது.

உங்கள் வீட்டில் பி.பி. மாத்திரை போடுகிறவர்களிடம் "போட்டாச்சா?" என்று மட்டும் கேட்காதீர்கள், ப்ளீஸ். போட்டால் உடம்பு என்ன செய்கிறது என்றும் கேளுங்கள். தொந்தரவு இருந்தால் டாக்டரிடம் கூட்டிப்போங்கள். தானாக நிறுத்த விடாதீர்கள்.

இன்று காலை நைனா வெந்நீரில் துணியை நனைத்து அம்மாவின் காலைத் துடைத்துவிட்டார். பிறகு சட்டைப் பாக்கெட்டிலிருந்து மெட்டியை எடுத்தார்.

முதலில் இடது காலில் போட்டார். அப்புறம் வலது காலில்.

வலது காலில் போட்டதும் அம்மா படுத்தபடியே சிரித்தாள். எவ்வளவோ நாளுக்குப் பிறகு சிரிக்கிறாளே என்று எனக்கும் சிரிப்பு வந்தது.

"அந்தக் காலுக்கு எப்பய்யா போடுவ?" என்று கேட்டாள்.

நைனா என்னைப் பார்க்கவே இல்லை. "தோ, போடறேன்" என்று சொல்லிவிட்டு, மெட்டி போட்டிருந்த இடது காலை எடுத்து மறுபடியும் மடியில் வைத்துக்கொண்டார்.