முட்டைக்காரி வின்னி கவுன்சிலர் ஆன கதை

ரோஸ்காமன் மாவட்டத்தில் எங்கள் குளூனா பகுதிக்கும் கில்டரி கடைத்தெருவுக்கும் நடுவே ஓர் ஓடை. கோடையில் அதைத் தாண்டினால் கணுக்கால்கூட நனையாது. நவம்பர் வந்தால் கழுதையின் வயிறு நனையும். பாலம் கிடையாது. அந்தக் காலத்தில் எந்தச் சாலைக்குக் கல் போடுவது, எந்த ஓடைக்குப் பாலம் கட்டுவது என்பதையெல்லாம் நிலப்பிரபுக்கள் இருபத்து மூன்று பேர் உட்கார்ந்து முடிவு செய்தார்கள். அவர்களில் யாருக்கும் குளூனாவில் வேலையில்லை.

வின்னி டான்சிக்கு வாரத்தில் நான்கு நாள் அந்த ஓடையில் வேலை இருந்தது. கழுதை வண்டியில் வீடு வீடாக முட்டை வாங்கிக் கில்டரியில் விற்பாள். கணவன் நெஞ்சுச் சளியில் படுத்தபோது டாக்டரின் வண்டி ஓடைக்கு அந்தப் பக்கமே நின்றுவிட்டது. அவன் பிழைக்கவில்லை. அன்றிலிருந்து தனியாகவே வீடு நடத்தினாள். அழுது நான் பார்த்ததில்லை. பாலத்தைப் பற்றிப் பேசாமல் ஒருநாளும் பார்த்ததில்லை.

அவள் பக்கத்து வீட்டுச் செருப்புத் தைப்பவன் நான். எங்கள் பகுதியில் செய்தித்தாள் வாசிக்கத் தெரிந்த ஆறேழு பேரில் ஒருவன். 1899 பிப்ரவரியில் ஒருநாள் அவளுடைய பூட்ஸுக்கு அடி போட்டுக்கொண்டே வாசித்துக் காட்டினேன். இனி ஊர்க் காரியங்களைப் பார்க்க நாமே ஆள் தேர்ந்தெடுக்கலாம். தனியாக வீடு நடத்தும் பெண்ணுக்கும் ஓட்டு உண்டு. வட்டாரக் கவுன்சிலுக்குப் பெண் நிற்கவும் செய்யலாம்.

"அந்தக் கடைசி வரிய இன்னொரு தடவ வாசி, லூக்."

வாசித்தேன்.

"அப்ப என் பேர எழுது."

எங்கள் பகுதிக்கு இரண்டு இடம். ஏற்கெனவே இருவர் நின்றார்கள். ஒருவர் எங்களிடம் நில வாடகை வாங்கும் பெரிய மாளிகையின் கேப்டன் டோரிங்டன். மற்றவன் கில்டரியில் மதுக்கடை வைத்திருந்த பார்ட்லி கீவனி. செய்தி கேட்டதும் பார்ட்லியின் கடையில் சிரிப்பு அடங்கவே இல்லை.

"ஏம்மா வின்னி, கவுன்சில்ல போயி அடை காக்கப் போறியா?" என்று வாசலிலேயே மடக்கினான்.

"ஆமா பார்ட்லி. உன்னைய மாதிரி கூமுட்டை எத்தனை இருக்குன்னு எண்ணிப் பாக்கணுமில்ல."

கடைக்குள் இருந்த அவன் ஆட்களே தரையைத் தட்டிச் சிரித்தார்கள்.

வின்னி மேடை ஏறவில்லை. முட்டை வாங்கப் போகும் வீடுகளில் பெண்களிடம் பேசினாள். "உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. ஓட்டுப் போடுற இடத்துல மறைப்பு இருக்கு. யாருக்குப் போட்டோம்னு கேப்டனுக்கும் தெரியாது, பார்ட்லிக்கும் தெரியாது." வாடகை பாக்கிக்கும் குடிக் கடனுக்கும் பயந்திருந்த ஆண்களுக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

ஏப்ரலில் எண்ணினார்கள். பார்ட்லி முதலிடம். கேப்டனைவிட ஏழு ஓட்டு அதிகம் பெற்று வின்னி இரண்டாமிடம். கேப்டன் தொப்பியைக் கழற்றி அவளிடம் கை நீட்டினார். "பாலத்தக் கட்டிடுங்கம்மா. என் வேட்டை நாய்ங்களும் நனையாமப் போகும்." குத்தலா நல்ல மனசா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வின்னி நல்ல மனசென்றே எடுத்துக்கொண்டாள்.

முதல் கூட்டம் ஏழைகள் விடுதியின் பெரிய அறையில் நடந்தது. பார்வையாளர் பெஞ்சில் நானும் இருந்தேன். தலைவர் எழுந்து, "கனவான்களே..." என்று தொடங்கி, வின்னியைப் பார்த்ததும் வாயடைத்து நின்றார்.

"நீங்க பேசுங்க ஐயா, நான் கோவிச்சுக்க மாட்டேன்" என்றாள்.

பாலத்துக்கான தீர்மானத்தை வாசித்தாள். நான் எழுதிக் கொடுத்திருந்தாலும் தாளைப் பார்க்காமலே சொன்னாள். வழிமொழிய யாரும் எழவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியில் ஒரு பாலம் வேண்டியிருந்தது. அவள் நேராகப் பார்ட்லியிடம் திரும்பினாள்.

"பார்ட்லி, குளூனாவுல அறுபது ஆம்பளைங்க. நவம்பர்லேர்ந்து மார்ச் வரைக்கும் அந்தப் பக்கத்துலயே தாகத்தோட ஒக்காந்திருக்காங்க. பாலம் வந்தா எந்தக் கடைக்கு வருவாங்க?"

பார்ட்லி தாடியைச் சொறிந்தான். "மக்கள் நலனை உத்தேசிச்சு வழிமொழியுறேன்" என்று எழுந்தான். அறை முழுவதும் சிரித்தது. சிரிப்போடு சிரிப்பாகத் தீர்மானமும் நிறைவேறியது.

ஆனால் மாவட்டப் பொறியாளர் ஹெனிக் ஜூலையில் வந்து பார்த்துவிட்டு, "தண்ணியே இல்லையே, பாலம் எதுக்கு?" என்று திருப்பி அனுப்பினார். வின்னி சண்டை போடவில்லை. நவம்பரில் ஒரு முறை வரச்சொல்லி எனக்குத் தெரிந்த மரியாதைச் சொற்களையெல்லாம் போட்டு எழுதவைத்தாள்.

அவர் வந்தார். அன்று மூன்றாவது நாளாக மழை. அவருடைய குதிரை ஓடையில் இறங்க மறுத்தது. "என் வண்டியில ஏறுங்க ஐயா" என்று முட்டைக் கூடைகளுக்கு நடுவே உட்காரவைத்தாள். பாதி ஓடையில் கழுதை நின்றுகொண்டது. தண்ணீர் வண்டிப் பலகைக்கு மேல் ஏறியது. ஹெனிக் கால்களைத் தூக்கிக் கூடையைக் கட்டிக்கொண்டார்.

"என்னம்மா இது, நகருமா நகராதா?"

"நகரும் ஐயா, அதுக்கா தோணுறப்போ. எனக்கு வாரத்துல நாலு நாள் இப்படித்தான்."

கரையேறியதும் அவளுடைய அடுப்பருகே காலுறைகளை உலர்த்தி, சோடா ரொட்டியும் தேநீரும் சாப்பிட்டார். கிளம்பும்போது, "ரெண்டு வளைவு வேணும், ஒண்ணு பத்தாது" என்றார். அடுத்த கோடையில் இரண்டு வளைவுகளோடு கல் பாலம் எழுந்தது. குளூனா ஆட்கள்தான் கூலிக்குக் கல் உடைத்தார்கள்.

பிறகு இரண்டு முறை ஜெயித்தாள். கூலிக்காரர்களுக்குப் பதினான்கு கல் வீடுகள் வாங்கிக் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் அரை ஏக்கர் தோட்டம் கேட்டு அடம்பிடித்துப் பெற்றாள். பார்ட்லி அவளைக் கேட்காமல் எதற்கும் கை தூக்குவதில்லை என்று ஊர் கேலி செய்தது. அவனும் மறுக்கவில்லை.

1908 தேர்தலில் ஓர் இளம் விவசாயியிடம் முப்பது ஓட்டில் தோற்றாள். ஆறுதல் சொல்லத்தான் போனேன். தோட்டத்தில் உருளைக்கிழங்கு ஊன்றிக்கொண்டிருந்தாள்.

"வருத்தமா வின்னி?"

"அவனுக்கு நான்தான் ஓட்டுப் போட்டேன், லூக். எனக்கு நானே போட்டுக்க ஒரு மாதிரி இருந்துச்சு. கெட்டிக்காரப் பையன். சும்மா நிக்காத, அந்தக் கூடையை இப்படித் தள்ளு."

தள்ளினேன். இருட்டுவதற்குள் நான்கு வரிசை ஊன்றி முடித்தோம்.